முன்மாதிரி ஈரல்

எங்கள் மாகாண மருத்துவமனைக்குள் நுழைந்ததும், மருந்து வாங்கும் ஜன்னலுக்கு எதிரே ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. உள்ளே சிவப்பு வெல்வெட் விரித்து, சோப்புத் துண்டு போல ஒரு மெழுகுக் கட்டியை வைத்திருக்கிறார்கள். அந்த மெழுகுக்குள் இருப்பது லியூவின் ஈரல். முழு ஈரல்கூட இல்லை. நூல் கனத்தில், சுண்டுவிரல் நகம் நீளத்துக்கு ஒரு துண்டு. அதற்குத்தான் இந்த ஆர்ப்பாட்டம்.

லியூ என் பக்கத்துக் கடைக்காரி. படகுத்துறையில் அவளும் தேங்காய் மிட்டாய் விற்கிறாள், நானும் விற்கிறேன். ஒரே தோப்புத் தேங்காய், ஒரே அளவு சட்டி, ஒரே கடையில் வாங்கின, மிட்டாய் சுற்றுகிற அரிசித்தாள். என் மிட்டாய்தான் ருசி. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், லியூவிடம் வாங்குகிறவர்களைத் தவிர. அவள் வீட்டு வாசலில், ஒழுங்கான குடும்பம் என்று அரசாங்கம் கொடுக்கிற ‘பண்பாட்டுக் குடும்பம்’ தகடு வருஷா வருஷம் புதுசாக மாட்டுகிறார்கள். என் வீட்டுத் தகட்டை வார்டு ஆபீஸ் ஆட்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். என் புருஷன் கியெட் கரோக்கி பெட்டியைத் தெருவில் இறக்கி வைத்து மத்தியானம் முழுக்கப் பாடினாராம். அவர் பாட்டை நான் இருபது வருஷமாகக் கேட்கிறேன், எனக்கு யாராவது ஒரு தகடு கொடுத்தார்களா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருஷம் ரத்தத்தில் ஈரல் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் கிட் மருத்துவமனையில் தீர்ந்துபோயிருந்தது. புதிதாக வாங்க டெண்டர் விட வேண்டும். டெண்டரில் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு யார் வந்து என்ன கேட்பார்களோ என்று ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. ஆனால் ஈரலில் குத்துகிற நீள ஊசி மட்டும் அலமாரி நிறைய இருந்தது. ஆகவே, விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்தால் தெரிந்துவிடுகிற சங்கதிக்கு, விலா எலும்புக்கு நடுவே ஊசி இறக்கி ஈரலையே எடுத்துப் பார்ப்பது என்று முடிவானது. இதுதான் இன்னும் நேரடியான முறை என்று இயக்குநர் டாக்டர் ஹொவான் அறிவித்தார். மக்களிடம் நேரடியாகப் போக வேண்டும் என்று அவர் எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பவர்.

ஊசியில் வந்த துண்டை மெழுகில் புதைத்து, சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயத்தில் முக்குவார்கள். கல்பாசி ஜாதிப் பாசி ஒன்றிலிருந்து எடுக்கிற பழைய காலத்துச் சாயம் அது. வைரஸ் குடியிருக்கும் இடமெல்லாம் பழுப்பாகிவிடும். இல்லையென்றால் வெளுப்பு. பழுப்பு வந்தவர்களுக்குத்தான் காப்பீட்டில் மாத்திரை கொடுப்பார்கள். வெளுப்பு வந்தவர்களுக்கு வாழ்த்து சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. திசு பார்க்கும் பிரிவில் இருக்கிற டாக்டர் யென் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாயம் கொஞ்ச நாளில் செத்துப்போகுமாம். செத்த சாயத்தில் எதை முக்கினாலும் வெளுப்பாகத்தான் வரும். அதனால் ஒவ்வொரு தடவையும், வைரஸ் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு ஈரலிலிருந்து ஒரு சீவலைக் கூடவே முக்க வேண்டும். அதற்குப் பெயர் சாட்சி ஈரல். சாட்சி பழுப்பானால் சாயம் உயிரோடு இருக்கிறது. சாட்சியும் வெளுத்தால் சாயத்தைக் கொட்டிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். அந்தச் சாட்சியாக டாக்டர் யென் தேர்ந்தெடுத்தது யாருடைய ஈரல்? ஊரில் இத்தனை பேர் ஈரலோடு நடமாடும்போது, லியூவுடையது.

அத்தோடு விட்டிருந்தாலும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். மேலிடத்திலிருந்து ஒரு ஆய்வாளர் வந்தார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். லியூவின் சீவல் காப்பிக்கொட்டை நிறத்தில் ஜொலித்ததாம். இவ்வளவு அழகான பழுப்பைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு, மதியம் மீன் குழம்பு சாப்பிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலமே இயக்குநர் போட்டி–பாராட்டுக் கமிட்டியைக் கூட்டினார். சிறந்த செவிலியர், சிறந்த வார்டு, சிறந்த கழிப்பறை எல்லாவற்றுக்கும் எங்கள் மருத்துவமனையில் பட்டம் உண்டு. ஈரலுக்குத்தான் இல்லாமல் இருந்தது. ‘முன்மாதிரி ஈரல்’ என்று ஒரு பட்டம் உண்டாக்கி, முதல் பட்டத்தை லியூவுக்குக் கொடுப்பதென்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

கம்பத்து ஒலிபெருக்கியில் காலையில் இதைச் சொன்னபோது நான் சட்டியில் தேங்காய்ப்பால் கிளறிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. சட்டி அடிப்பிடித்து அன்றைக்கு மிட்டாயெல்லாம் பாழ். லியூ ஓடி வந்து, “தோவாக்கா, என் பேரையா சொன்னாங்க? எனக்கு வியாதி முத்திருச்சா?” என்று கேட்டாள். நடிப்பு. அவளுக்கு எப்போதும் இப்படி ஒன்றும் தெரியாதவள் மாதிரி கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொள்ளத் தெரியும்.

விழாவுக்கு நானும் போனேன். போகாவிட்டால் பொறாமை என்பார்கள். மேடையில் சிவப்புத் துணி, மஞ்சள் எழுத்து, ஆளுயரப் பூவளையங்கள். லியூ கல்யாணத்துக்குப் போடுகிற நீல நீள அங்கியில் வந்திருந்தாள். இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

“தோழர்களே, இந்த ஈரல் வானத்திலிருந்து விழுந்ததல்ல. சரியான வழிகாட்டுதலாலும், அனைத்துத் துறைகளின் ஒருங்கிணைந்த முயற்சியாலும் இந்த உயரத்தை எட்டியிருக்கிறது. பத்தாண்டுகளாக இந்த வைரஸ் நம் மாகாணத்தில் தடையின்றி வளர நாம் எத்தகைய சூழலை உருவாக்கிக் கொடுத்தோம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?”

எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு லியூ அனுபவ உரை ஆற்ற வேண்டும். பட்டம் வாங்குகிறவர்கள் தாங்கள் எப்படி முன்னுக்கு வந்தோம் என்று மற்றவர்களுக்குச் சொல்வது எங்கள் வழக்கம். அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“நான் ஒண்ணும் பண்ணலீங்க,” என்றாள். “எங்கம்மாவுக்கு இருந்துச்சு. பொறக்கையிலயே எனக்கும் ஒட்டிக்கிச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. மாத்திரை கொடுத்தீங்கன்னா சாப்பிட்டுட்டு நான் பாட்டுக்குக் கடையைப் பாப்பேன்.”

“பார்த்தீர்களா,” என்றார் இயக்குநர், கூட்டத்தின் பக்கம் கையை நீட்டி. “குடும்பப் பாரம்பரியத்தைப் போற்றிக் காத்திருக்கிறார். பட்டம் வாங்கிய கையோடு வேலைக்குத் திரும்புவதைப் பற்றிப் பேசுகிறார்.”

பாரம்பரியமாம்! என் அம்மாவுக்கும் இருந்தது. என் அம்மா அதிலேயேதான் செத்தாள். யாராவது மேடை போட்டார்களா?

அதற்கப்புறம் ஊரே கெட்டுப்போனது. லியூ வீட்டு வாசலில் இரண்டாவது தகடு ஏறியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து அவள் வலது விலாவைப் பார்க்க வைத்தார்கள். மாதர் சங்கம் ‘லியூவின் ஈரலிடம் கற்போம்’ என்று ஒரு மாத இயக்கம் நடத்தியது. மருத்துவமனைக்குள் மற்றப் பிரிவுகளுக்குத் தாங்கவில்லை. அறுவைப் பிரிவு ஒரு குடல்வாலை முன்மொழிந்தது. கண் பிரிவு, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் புரையைப் பரிந்துரைத்து, அவருக்கு ஆபரேஷன் செய்யாமல் முடிவுக்குக் காத்திருந்தது. எலும்புப் பிரிவுத் தலைவர் மட்டும், எலும்பு முறிவில் முன்மாதிரி என்று ஒன்றைச் சொன்னால் மக்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்று ஒதுங்கிவிட்டார். அவருக்குக் கிடைக்காது என்று தெரியும், அதுதான் காரணம்.

இதற்கிடையில் எனக்கு உடம்பு சரியில்லை. படி ஏறினால் மூச்சு வாங்கியது, மீன் வாசனை பட்டால் குமட்டியது. கண் வெள்ளை மஞ்சளாக இருக்கிறது என்று கியெட் சொன்னார். வேறொருத்தியாக இருந்தால் பயந்திருப்பாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். அப்படியானால் நமக்கும் இருக்கிறது.

ஊசிக்குப் படுத்தேன். வலது கையைத் தலைக்கடியில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். குத்தினது தோளில் போய் வலித்தது. அதற்கப்புறம் விலாவுக்கடியில் மணல்மூட்டை வைத்து ஒருக்களித்துப் படுத்திருந்தேன். அந்த நேரம் முழுக்க, எந்த நிற வெல்வெட் என் மெழுகுக்கு எடுப்பாக இருக்கும் என்று யோசித்தேன். பச்சை என்று முடிவு செய்தேன்.

டாக்டர் யென் முடிவைக் கொண்டு வந்தார். வெளுப்பு.

“நல்லாப் பாருங்க டாக்டரம்மா,” என்றேன். “ஒரு ஓரத்துலயாவது லேசா இருக்கும்.”

அவர் என் கண்ணையே உற்றுப் பார்த்தார். பிறகு, சாயத்தின் மேல் தனக்கே சந்தேகம் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். சாட்சி வைத்துப் பார்க்க லியூவின் சீவல் கைவசம் இல்லையாம். மெழுகுக் கட்டி பெட்டிக்குள் போய்விட்டது. பெட்டியின் சாவி கமிட்டியிடம். ஒரே ஒரு சீவல் எடுத்துக்கொள்கிறேன் என்று கூட்டத்தில் கை தூக்கினாராம். இத்தனை வருஷம் தோழமையோடு உழைத்த சாயத்தின் மேல் அவநம்பிக்கை காட்டியதற்காகச் சுயவிமர்சனம் எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்களாம். எழுதிக் கொடுத்துவிட்டார். வேறு என்ன செய்வார், அவருக்கும் வருஷ முடிவில் பட்டம் வேண்டுமே.

நான் வெளியே வந்தால், மருந்து ஜன்னலில் லியூ மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கிறாள். பட்டம் கிடைத்தவர் என்று வரிசையில் முன்னால் விட்டிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, “என்னக்கா வந்துச்சு?” என்றாள். சுத்தமாம் என்றேன். “அப்பாடா, நல்லவேளை,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆமாம், உனக்கு நல்லவேளைதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நாளாக ஆக அவள் கன்னம் பூரித்தது. மாத்திரை வேலை செய்தது. நான் துரும்பாகிக்கொண்டிருந்தேன். மழைக்காலத்தில் மறுபடி ஊசிக்குப் போனேன். மறுபடி வெளுப்பு. எனக்கு மட்டுமில்லை, லியூவுக்குப் பிறகு யாருடைய ஈரலும் பழுப்பாகவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் ஒருவர் வயிறு பானையாக வீங்கி இறந்தார். அவருடையதும் வெளுப்புதான். வாழ்த்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இப்படியாக எங்கள் மாகாணத்தில் ஈரல் வைரஸ் ஒழிந்தது. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். முதலிடம் வந்த மாகாணத்துக்கு வருஷா வருஷம் கைமாறுகிற சுழற்கொடியைக் கொடுக்க அதே ஆய்வாளர் திரும்பவும் வந்தார். வயிற்றில் லேசாக நீர் கோத்திருந்தது, இருந்தாலும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். தினசரிச் சோதனையில் சாட்சியை எப்படி வைக்கிறீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார். கடைசி வரிசையில் டாக்டர் யென் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வைப்பதில்லை, தோழர்,” என்றார் இயக்குநர் பெருமையோடு. “கௌரவிக்கப்பட்ட ஈரலை நாள்தோறும் சீவிச் சீவிச் சாயத்தில் முக்குவது அதற்குச் செய்யும் அவமரியாதை என்று கமிட்டி தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்துக்குப் பிறகு இந்த மாகாணத்தில் ஒரு ஈரல்கூடப் பழுப்பாகவில்லை. ஒரு முன்மாதிரியை அதற்குரிய இடத்தில் வைத்தால் மற்றவை தாமாகவே திருந்திவிடுகின்றன.”

ஆய்வாளர் அதைக் குறித்துக்கொண்டார். மற்ற மாகாணங்களும் பின்பற்றலாம் என்றார். கூடமே கைதட்டியது, டாக்டர் யென் உள்பட. எனக்குத்தான் தட்டக் கை வரவில்லை. நாங்களெல்லாம் நாள் முழுக்க உழைக்கிறோம், இவள் ஈரலுக்கு வேலைகூடக் கிடையாது, வெல்வெட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கொடி வேறு.

அந்த வாரமே கடையில் மயங்கி விழுந்தேன். கியெட் என்னை பஸ்ஸில் ஏற்றி சைகோனுக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு சின்னப் பெண் டாக்டர், ரத்தம் எடுத்து, வயிற்றில் கருவியை வைத்து அழுத்திப் பார்த்து, சாயங்காலத்துக்குள் சொல்லிவிட்டாள். வைரஸ்தான். கோடிக்கணக்கில். ஈரலில் தழும்பு விழ ஆரம்பித்துவிட்டது. போன வருஷமே மாத்திரை தொடங்கியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. இன்றைக்கே தொடங்கினால் பிழைத்துக்கொள்ளலாம். இனி ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. இதையெல்லாம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பக்கத்தில் கியெட் அழுதுகொண்டிருந்தார்.

“டாக்டர்,” என்றேன், “இந்த அளவு வேற யாருக்காவது பாத்திருக்கீங்களா?”

“இவ்வளவு அதிகமா நான் பாத்ததில்லம்மா,” என்றாள் அவள்.

பஸ்ஸில் வரும்போது ஒரு வருஷத்துக்கப்புறம் எனக்குப் பசித்தது. இறங்கினதும் பன்றி எலும்பு போட்ட நூடுல்ஸ் ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டேன்.

சைகோன் முடிவு டாக்டர் யென் மூலமாக இயக்குநருக்குப் போனது. கமிட்டி அவசரமாகக் கூடியதாம். சாயம் செத்துவிட்டது என்று ஒருவர் ஆரம்பித்தாராம். அது டெண்டர் சம்பந்தப்பட்ட விஷயம் என்று நிறுத்திவிட்டார்களாம். உண்மையான குறைபாடு என்னவென்று இயக்குநர் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்: இப்படிப்பட்ட ஈரல் நம் மாகாணத்திலேயே இருக்க, சைகோன்காரன் முந்திக்கொண்டான்.

மறுநாள் காலை அவர்கள் எல்லோரும் என் வீட்டுக்கு வந்தார்கள். பழக்கூடை, பூங்கொத்து, போட்டோக்காரர். நான் ஊஞ்சல்தூளியில் படுத்திருந்தேன். எழுந்திருக்க விடவில்லை. இயக்குநர் என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“அக்கா, உங்களை ரெண்டு தடவை கையில வெச்சுக்கிட்டே நாங்க கண்டுக்கல. திறமையை அடையாளம் காணத் தவறிட்டோம். மன்னிக்கணும்,” என்றார். “லியூ அக்கா ஈரல் மாத்திரை சாப்பிட்டு இப்ப சாதாரணமா ஆயிருச்சு. முன்மாதிரின்னு சொல்ல எங்களுக்கே கூச்சமா இருக்கு. தேசியப் பட்டத்துக்கு உங்களுதை அனுப்பறோம். ஆனா துண்டை மேடையில வெச்சு எடுத்தாத்தான் மரியாதை. புது வருஷ விழாவுக்கு.”

அதற்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அதுவரைக்கும் மாத்திரை சாப்பிட்டால் பழுப்பு குறைந்துவிடும் என்று இயக்குநருக்குப் பக்கத்தில் நின்ற கமிட்டிக்காரர் அவர் காதோடு சொன்னார். இயக்குநர் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, நாங்கள் யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்துவதில்லை, முடிவு அக்காவுடையது என்றார். டாக்டர் யென் வாசலில் நின்றிருந்தார். அவர் வாயைத் திறக்கப் போனபோது போட்டோவுக்கு நகர்ந்து நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். பெட்டி எவ்வளவு பெரிசு?

லியூவுடையதைப் போல் இரண்டு மடங்கு என்றார் இயக்குநர். உள்ளே விளக்கும் உண்டு.

அவர்கள் போன பிறகு லியூ வேலியைத் தாண்டி வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். சைகோனில் கொடுத்த என் மாத்திரை அட்டையை மேசைமேலிருந்து எடுத்தாள், ஒன்றைப் பிதுக்கி என் உள்ளங்கையில் வைத்தாள், தண்ணீர் மொண்டு வந்தாள். ஓடி வந்ததில் தண்ணீர் பாதி தரையில்.

“முழுங்குக்கா,” என்றாள். “அந்தப் பெட்டியைத் தூக்கி ஆத்துல போடச் சொல்லு. நான் பாக்கறப்பவே ஒண்ணு முழுங்கு. தினம் நான் வந்து குடுக்கறேன். கண்ணைப் பாருக்கா உனக்கு, மஞ்சக்கிழங்கு மாதிரி இருக்கு. மூணு மாசம் தாங்க மாட்டே நீ.”

சொல்லிக்கொண்டே அழுதாள். என் காலைக்கூடப் பிடித்தாள். இருபது வருஷம் பக்கத்துக் கடையில் இருந்திருக்கிறாள், ஒருநாளும் அவளை இப்படிப் பார்த்ததில்லை.

மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரைக் குடித்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதும் ஜன்னல் வழியாகத் துப்பினேன். என்னதான் அழுது புரண்டாலும் எனக்குத் தெரியாதா? பாவம், ஒரு மனுஷிக்கு இவ்வளவு பொறாமை ஆகாது.